பக்கத்தில் பாதி வெள்ளை: வீட்டை மறைக்கும் அக்கா தங்கைகளும் கவிதை நாவலும்

ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 7

சோன்யா சோன்ஸ் எழுதிய ‘ஸ்டாப் ப்ரிடெண்டிங்’ புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது என்பதுதான் என் புகாரே. நாலு சொல், அடுத்த வரி, மூணு சொல், அடுத்த வரி. சாதாரண வாக்கியத்தை உடைத்து அடுக்கினால் கவிதை நாவல் ஆகிவிடுமா? இதையே ஒழுங்காக உரைநடையில் எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் தெரிந்திருக்கும். பக்கத்தில் பாதி வெள்ளை, கதையும் பாதிதான் புரிகிறது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

என் பதில், ஜூன் 8, இரவு

பாதிதான் புரிகிறது என்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

படிக்காதவர்களுக்காக முதலில் கதை. 1999இல் வந்த புத்தகம். அமெரிக்காவில் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். சொல்பவள் தங்கை, வயது 13. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அக்காவுக்குப் புத்தி தடுமாறிவிடுகிறது, மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்த ஒரு இரவின் பின்விளைவுதான்: பார்க்கப் போவது, திரும்பி வருவது, வீட்டில் ஆளுக்கொரு மூலையில் துக்கப்படுவது, பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது, தெரிந்துபோனதும் தோழிகள் முகம் திருப்பிக்கொள்வது, நமக்கும் இது வந்துவிடுமோ என்ற பயம்.

இதை உரைநடையில் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? உரைநடைக்கு இணைப்பு வேண்டும். அதனால், ஏனென்றால், அதற்குள், இதற்கிடையில் என்று ஒன்றை ஒன்றோடு கட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் அந்த ‘ஏனென்றால்’ கிடையாது. நேற்றுவரை தன்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அக்கா ஏன் இப்படி ஆனாள் என்பதை வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கும் தெரியாது. தெரியாத காரணத்தை 13 வயதுப் பெண் வாயில் திணித்தால்தான் நீங்கள் கேட்கிற அந்த ‘ஒழுங்கான நாவல்’ வரும். ஒவ்வொரு கவிதையும் ஒரு கணம். ஒரு கவிதை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்திருப்பாள். அந்த வெள்ளையில் அதைத்தான் நான் படித்தேன்.

ஜூன் 8, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று. வீட்டு விஷயத்தை மறைத்துப் பழகின பிள்ளைகள் முழு வாக்கியமாகப் பேசமாட்டார்கள். தொடங்குவார்கள், நிறுத்துவார்கள், எதிராளி முகத்தைப் பார்ப்பார்கள், போதும் என்று தோன்றினால் பேச்சை மாற்றிவிடுவார்கள். வரி உடைகிற இடம் அதுதான். எல்லாக் கவிதை நாவலுக்கும் இதைப் பொருத்திச் சொல்லவில்லை, மறைக்கிறவர்களைப் பற்றிய கவிதை நாவலுக்குச் சொல்கிறேன்.

ஜூன் 10

உண்மைக் கதையா என்று கேட்டிருந்தார் ஒருவர். ஆமாம், அவர் வாழ்க்கையிலிருந்து எழுதியதுதான். சோன்ஸுக்கு 13 வயதாக இருந்தபோது 19 வயது அக்காவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போது எழுதிவைத்த நாட்குறிப்புகள் இருந்திருக்கின்றன. ஆனால் அவை புத்தகமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பெரியவளாகி, கல்யாணமாகி, குழந்தை குட்டி என்று ஆன பிறகு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மைரா கோன் லிவிங்ஸ்டன் நடத்திய கவிதை வகுப்பில் சேர்ந்தார். அங்கே கொடுத்த ஒரு சந்தப் பயிற்சிக்கு எழுதும்போது அக்காவை மருத்துவமனையில் பார்த்த நாள் வந்து விழுந்தது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு இதைப் பற்றி இன்னும் எழுது என்றார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வகுப்புப் பயிற்சி. குடும்பக் கதையை எழுதப்போகிறேன் என்று அவர் உட்காரவில்லை. சந்தத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்த நாள் வந்திருக்கிறது. மனம் சந்தத்தில் கவனமாக இருந்த நேரத்தில் காவல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூன் 11

எனக்கு இந்தப் புத்தகம் இவ்வளவு பிடித்துப்போனதற்கான காரணத்தைச் சொல்லாமல் வாதாடிக்கொண்டிருப்பது சரியில்லை.

கரூர் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு மில் வேலை, ஷிப்ட். அம்மாவுக்கு நான் ஆறாவது படிக்கும்போது தொடங்கியது. சில வாரங்கள் நன்றாக இருப்பார், அப்புறம் சில வாரங்கள் எழுந்திருக்கவே மாட்டார், அப்புறம் ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவரைப் பார்த்து யாரையோ திட்டுவார். நோயின் பெயரை நாங்கள் தெரிந்துகொண்டது ரொம்ப நாள் கழித்து. அதுவரை அதற்கு எங்கள் வீட்டில் ஒரே வாக்கியம்தான்: “அம்மாவுக்கு உடம்பு முடியல.”

அக்கா என்னைவிட நாலு வயது பெரியவள். மறைக்கிற வேலை முழுக்க அவள் கையில் இருந்தது, நான் உதவியாள். சத்தம் கிளம்பினால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவது நான், டி.வி. சத்தத்தைக் கூட்டுவது அவள். யாராவது வந்தால் வாசல்படியிலேயே நின்று பேசி அனுப்ப வேண்டும். “அம்மா இப்பதான் கண்ணசந்தாங்க, அப்புறமா வாங்க சித்தி” என்று அவள் சொல்கிற விதத்தில் எங்கள் சித்தி பல முறை திரும்பிப் போயிருக்கிறார். விசேஷத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் அக்காதான் அம்மாவுக்குத் தலை சீவி, பூ வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். யாராவது அம்மாவிடம் கேள்வி கேட்டால் பதில் அக்காவிடமிருந்து வரும்.

ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அம்மா கையெழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்து கீழே இறங்கி ஓடும். அக்கா அதை இடது கையால் போட்டுப் பார்ப்பாள். பழைய நோட்டின் பின்னட்டையில் நாலைந்து தடவை போட்டு, பேனாவை உதறி, அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்டில் ஒரே இழுப்பு. மை காய்வதற்குள் நான் மூடிவிடக் கூடாது என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கையெழுத்தை யாரும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. உண்மையில் அம்மாவே போட்ட ஒரு மாதத்தில்தான் டீச்சர் என்னைக் கூப்பிட்டு “இது யார் போட்டது?” என்று கேட்டார்.

ஜூன் 11

மேலே எழுதியதற்கு நிறைய பேர் ‘பாவம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்புதான், புரிகிறது. ஆனால் அதற்காக நான் அதைச் சொல்லவில்லை. மறைப்பது ஒரு வேலை, அதைச் செய்ய நேரமும் உடம்பும் வேண்டும் என்பதைச் சொல்ல வந்தேன். இந்த வகைக் கதைகளைப் பேசும்போது ‘ரகசியம்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம், ஏதோ பெட்டியில் வைத்துப் பூட்டினால் அதுபாட்டுக்கு இருக்கும் போல. அப்படி இருக்காது. தினமும் காலையில் எழுந்ததும் திரும்பச் செய்ய வேண்டும்.

ஜூன் 13

“தோழிகள் அப்படி ஒட்டுமொத்தமாகக் கைவிடுவது மிகை, நிஜத்தில் ஒருத்தியாவது நிற்பாள்” என்று எழுதியவருக்கு.

நிற்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். மாதக்கணக்கில் எதையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்ட இடத்துக்குப் போனதில்லை, திடீர் திடீரென்று முகம் மாறும், காரணம் சொல்லமாட்டாள். அப்படிப்பட்டவளோடு தோழிக்கு என்ன பிடிமானம் இருந்திருக்கும்? விஷயம் வெளியே வந்த நாளில் விலகினார்கள் என்று அவள் நினைக்கிறாள். நான் நினைக்கிறேன், விலகல் அதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கியிருக்கும், அதை முதலில் தொடங்கியது அவளுடைய மௌனம். அவள் மேல் பழி போடவில்லை. அவளுக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. ஆனால் அந்தத் தோழிகளை வெறும் கெட்டவர்களாகவும் என்னால் பார்க்க முடியவில்லை, அவர்களும் 13 வயதுப் பிள்ளைகள்தானே.

ஜூன் 14

இல்லை, சோன்ஸ் புத்தகத்தில் அக்கா சாகவில்லை. யாரோ மேலே அப்படி எழுதியிருக்கிறீர்கள், வேறு ஏதாவது புத்தகத்தோடு கலந்துவிட்டதோ என்னவோ. அக்கா மெல்லத் தேறுகிறாள். முழுசாகப் பழையபடி ஆனாளா என்றால் அதற்குப் புத்தகம் உறுதி கொடுக்கவில்லை, கொடுக்காததுதான் சரி.

ஜூன் 16

பேப்பர் விற்கிற விலைக்கு இவ்வளவு வெள்ளை விட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்டவரின் குறும்பை ரசித்தேன். ஆனால் ஒன்று, இந்த வெள்ளைதான் படிக்கத் தயங்குகிற பிள்ளைகளை உள்ளே இழுக்கிறது. பக்கம் வேகமாக நகர்ந்தால் அவர்களுக்கு நம்பிக்கை வருகிறது. பள்ளி நூலகங்களில் இவ்வகைப் புத்தகங்களுக்கு இடம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

“இதெல்லாம் செய்யுளே இல்லை” என்கிற வாதத்துக்கு என் பதில் சின்னது. கவிதை நாவல் என்பதில் இரண்டு கிளை உண்டு. ஒன்று கட்டுக்கோப்பானது. புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ தொடங்கி, அதே பா வடிவத்தை எடுத்து விக்ரம் சேத் 1986இல் ‘தி கோல்டன் கேட்’ எழுதினாரே, அது. எதுகை, வரிக்கணக்கு எல்லாம் பிசகாது. இன்னொன்று, 1990களில் அமெரிக்காவில் பதின்வயதினருக்காக வளர்ந்த கட்டற்ற கவிதை நாவல். கேரன் ஹெஸ்ஸேயின் ‘அவுட் ஆஃப் தி டஸ்ட்’ 1998இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியதும் இதற்கு ஒரு மதிப்பு வந்தது. சோன்ஸ் அதற்கு அடுத்த வருஷம். முதல் கிளையின் அளவுகோலை வைத்து இரண்டாவதை அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். முதல் கிளையில் சொல்கிறவன் வித்தை காட்டுகிறான், நாமும் அதை ரசிக்கிறோம். இரண்டாவதில் சொல்கிறவளுக்கு வித்தை காட்ட மனசு இல்லை.

சரி, இலக்கண விவாதத்துக்கு இதோடு நான் வரமாட்டேன்.

ஜூன் 19

நிக்கி கிரைம்ஸின் ‘ஆர்டினரி ஹசார்ட்ஸ்’ (2019) பற்றிப் பேச்சு வந்ததில் சந்தோஷம். ஒரு திருத்தம்: அது நாவல் இல்லை, தன் வாழ்க்கையைக் கவிதைகளாக எழுதிய நினைவுக்குறிப்பு. அம்மாவுக்கு மனச்சிதைவு, கூடவே குடி. நிக்கிக்கு ஒரு அக்கா, கேரல். இரண்டு பேரையும் வளர்ப்பு இல்லங்களுக்கு அனுப்பும்போது பிரித்துவிடுகிறார்கள். நிக்கி ஆறு வயதிலிருந்து நோட்டில் எழுதத் தொடங்குகிறாள், எழுத்துதான் அவளைத் தாங்குகிறது.

இந்த இழையை ஆரம்பித்தவர் கேட்ட கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் தன் பிள்ளைப் பருவத்தில் பல பகுதிகள் நினைவிலேயே இல்லை என்கிறார். பட்ட அடி அப்படி. நினைவு இல்லாத இடத்தை உரைநடையில் எழுதினால் இட்டுக்கட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் ‘இந்த வருடம் எனக்கு நினைவில்லை’ என்று விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கவிதைத் தொகுப்பில் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் இரண்டு வருஷம் காணாமல் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கும் அம்மாவின் மோசமான ஒரு கோடைகாலம் நினைவிலேயே இல்லை. மாமரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதில் பித்தளைச் சொம்பு, அவ்வளவுதான். அக்காவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

ஜூன் 23, இரவு

‘கிளாப் வென் யூ லேண்ட்’ என்ற கவிதை நாவல் இந்த மறைக்கிற கதைகளின் வரிசையில் எப்படி வரும், அதில் அக்கா தங்கை எதையும் மறைக்கவில்லையே, அப்பா மறைத்ததுதானே என்று ஒருவர். நியாயமான கேள்வி, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

எலிசபெத் அசெவேடோ 2020இல் எழுதியது. கமினோ டொமினிகன் குடியரசில், யஹைரா நியூயார்க்கில். ஒரே அப்பா, இரண்டு குடும்பம். ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் கதை தொடங்குகிறது. விமானம் கடலில் விழுந்து அப்பா இறந்த பிறகு இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். பின்னணியில் நிஜமாக நடந்த விபத்து ஒன்று இருக்கிறது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாந்தோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் குவீன்ஸ் பகுதியில் வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் செத்துப்போனார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் டொமினிகன் வம்சாவளியினர். செப்டம்பர் 11 முடிந்து இரண்டே மாதம், வெளி உலகம் அதைச் சீக்கிரம் மறந்துவிட்டது, அந்தச் சமூகம் மறக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. யஹைராவுக்கு அப்பாவின் இன்னொரு கல்யாணம் அவர் சாவதற்கு முன்னாலேயே தெரியும். கண்ணில் பட்ட ஒரு காகிதத்திலிருந்து தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். அதுவும் மறைப்புதானே. அப்பா செய்த தப்பைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தப் பெண் தலையில் விழுகிறது. அவர் போன பிறகு அதைச் சொல்லிக் கோபப்படக்கூட ஆள் இல்லை. பெரியவர்கள் தொடங்கிவைத்ததைப் பிள்ளைகள் பராமரிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் “வெளியே சொல்லக் கூடாது” என்று ஒரே ஒரு முறை சொன்னது அப்பா, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அதைக் கட்டிக் காத்தது நாங்கள்.

இந்தப் புத்தகத்தில் இரண்டு பெண்களும் மாறி மாறிப் பேசுகிறார்கள். இதைப் பற்றி எனக்கு வேறொன்று சொல்ல இருக்கிறது, இன்னும் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 27

தமிழில் இந்த மாதிரி இல்லையா என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். ‘சிலப்பதிகாரமே கவிதை நாவல்தான்’ என்பதை நாலு பேர் எழுதியாகிவிட்டது, அதை விட்டுவிடுகிறேன். என் மனதில் வேறொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, நற்றிணை 110. போதனார் பாடியது.

பொற்கலத்தில் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு, பூச்சுற்றிய சின்னக் கோலை ஓங்கி ‘உண்’ என்று செவிலித் தாய்கள் மிரட்ட, சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடிப்போய் அவர்களைக் களைக்க வைத்த செல்லப் பெண். அவள் கல்யாணமாகிப் போன வீட்டில் இப்போது வறுமை. அப்பா வீட்டுச் சோற்றை நினைத்துக்கூடப் பார்க்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது சாப்பிடுகிறாள்.

“கொண்ட கொழுநன் குடிவறன் உற்றெனக்
கொடுத்த தந்தை கொழுஞ்சோறு உள்ளாள்”

பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பெருமையாகத்தான் படித்தேன். பாட்டு அழகு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்போது படித்தால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. இதைச் சொல்வது தாய். ‘இந்த அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எங்கிருந்து வந்தது’ என்று வியக்கிறாள். மகள் பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்தவள் வியந்துகொண்டு நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பசித்ததா, அழுதாளா, யாரிடமாவது சொல்ல நினைத்தாளா என்பதற்குப் பாட்டில் இடம் இல்லை. மறைப்பவளை வெளியிலிருந்து பார்த்துப் பாராட்டுகிற குரல் நம்மிடம் ரொம்பக் காலமாக இருக்கிறது. எங்கள் அக்காவையும் ஊரே அப்படித்தான் பாராட்டியது. “எவ்வளவு பொறுப்பான பொண்ணு.” அவள் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

சோன்ஸ் புத்தகத்தில் மறைக்கிறவளே பேசுகிறாள், அதில் பெருமை ஒரு வரியும் இல்லை, வெட்கமும் பயமும் கோபமும்தான் இருக்கின்றன. அக்கா மேலேயே கோபம். நோயாளி மேல் கோபப்படுகிறோமே என்று அந்தக் கோபத்தின் மேல் வெட்கம். இதை எழுத்தில் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது.

ஜூன் 27

நற்றிணைத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன் என்று வருத்தப்பட்டவருக்கு: அகப்பாட்டு ஒரு கூற்றாகத்தான் வரும், ஒரு பாட்டில் ஒருவர்தான் பேசுவார், அது தெரிந்தே சொல்கிறேன். என் ஆதங்கம் பாட்டின் மேல் இல்லை, அதை மட்டும் எடுத்து முன்மாதிரியாகப் பிள்ளைகளுக்கு நீட்டுவதன் மேல்.

ஜூலை 2

ஒரு பெண் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். யாரென்று சொல்லமாட்டேன். இப்போதும் வீட்டில் இதே நிலைமை, தங்கை பத்தாவது படிக்கிறாள், யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை என்று. அவருக்கு எழுதியதையே இங்கேயும் வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவலாம். டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம். 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு 1098. அப்புறம், பள்ளியில் நம்பிக்கையான ஒரே ஒரு டீச்சர் போதும். எங்கள் வீட்டில் கடைசியில் மருத்துவரிடம் போனது அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்ட டீச்சரால்தான். அவர் அன்று என்னைத் திட்டவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலில் நின்று வழக்கமான பதிலைச் சொன்னாள். “பரவாயில்ல, அம்மா எழுந்திரிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கேன்” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 9

புத்தகத்தை அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் தடுமாற்றம், ஆனால் இந்த ஆங்கிலம் எளிமைதான், பக்கத்துக்குப் பாதி வெள்ளை வேறு. படித்து முடித்துவிட்டு நேற்று ராத்திரி பேசினாள்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. “அந்தப் பொண்ணுக்கு ஒரு வேலையும் இல்லையேடி” என்றாள். புரியவில்லை என்றேன். “வருத்தப்படறா, பயப்படறா, எல்லாம் சரி. சோறு யார் ஆக்கினா? துணி யார் துவைச்சா? அது எதுவும் அவ தலையில இல்ல. எனக்கு வருத்தப்பட நேரமே இருந்ததில்ல.”

அந்த வீட்டில் உடம்பு முடியாதவள் அக்கா, அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள், நம் வீட்டில் முடியாதவர் அம்மாவே, அதனால் நிலைமை வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அதை ஒப்புக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: “நீ சொன்ன எல்லாத்துலயும் பேசறது யாரு? சின்னவளா, பெரியவளா?”

ஜூலை 10

ராத்திரியெல்லாம் அந்தக் கேள்விதான். சோன்ஸ் தங்கை. கிரைம்ஸும் தங்கை. இந்த இழையில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேனே, நானும் தங்கை. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எழுத நேரம் இருந்திருக்கிறது, சுமந்தவளுக்கு இல்லை. ‘கிளாப் வென் யூ லேண்ட்’ பற்றிச் சொல்ல இருக்கிறது என்றேனே, அது இதுதான்: அதில் இரண்டு பேருக்கும் குரல் இருப்பதால் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி பக்கத்திலிருந்து திரும்பப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த இருவரும் ஒரே வயது, ஒரே வீட்டில் வளரவும் இல்லை. ஒருத்தி இன்னொருத்தியை வளர்த்த கதை அது இல்லை.

வெள்ளை இடத்தைப் பற்றி ஜூன் 8 அன்று நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இன்னும் அதை நம்புகிறேன், ஆனால் அது தங்கையின் வெள்ளை. நான் பள்ளிக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் என் அக்கா வீட்டில் எதையாவது கழுவிக்கொண்டிருந்திருப்பாள். அக்கா எழுதினால் வரி எங்கே உடையும்? உடைய விட்டிருப்பாளா? அடுத்த வேலை, அடுத்த வேலை என்று மூச்சு விடாமல் ஒரே பத்தியாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இழை தொடங்கியவர் கேட்ட உரைநடை ஒருவேளை அங்கேதான் பொருந்தும்.

ஜூலை 14

அக்காவையே எழுதச் சொல்லுங்கள் என்று பலர். சொன்னேன். “எழுதி என்ன பண்ண, நீதான் எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லியாச்சே” என்றாள். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள், ஆனால் சித்தி கண்ணில் இது படக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் ஊர்ப் பெயரைத் தவிர வேறு எந்த அடையாளத்தையும் இனி இங்கே எழுதமாட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கச் சொன்னாள். டீச்சர் திண்ணையில் உட்கார்ந்த அன்று நான் எழுதியபடி அவள் ‘வழக்கமான பதிலை’ மட்டும் சொல்லவில்லையாம். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டாளாம். டீச்சர் போதும் என்றதும், “அம்மா எழுந்திரிக்க மாட்டாங்க டீச்சர்” என்று அவள்தான் முதலில் சொன்னாளாம். நான் அப்போது டி.வி. பக்கத்தில் நின்றிருந்தேன், எனக்கு அது கேட்கவே இல்லை.

ஜூலை 15

14 வயதுப் பெண்ணுக்கு எதை முதலில் கொடுக்கலாம் என்று கேட்டவருக்கு: ‘ஸ்டாப் ப்ரிடெண்டிங்’. ‘ஆர்டினரி ஹசார்ட்ஸ்’ இன்னும் கனமானது, அதில் பிள்ளைகளுக்கு நடக்கிற கொடுமைகள் வரும், நீங்கள் ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுங்கள். கொடுத்த பிறகு எப்படி இருந்தது என்று உடனே கேட்காதீர்கள். அவளே வருவாள், வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் அக்கா ஒருத்தி இருந்தால் இரண்டு பிரதி வாங்குங்கள்.